எறியாத பந்துக்குத் தண்டனை

முன்னொரு காலத்தில், எந்தப் பட்டயத்திலும் பெயர் தங்காத ஒரு நாட்டில், அரசர் ஒருவருக்குப் பந்தெறியும் ஆசை பிடித்துக்கொண்டது.

அந்த நாட்டில் நாற்கல் என்றோர் ஆட்டம் உண்டு. சதுரமாக நான்கு கற்கள் பதித்திருக்கும். நடுவே ஒரு பலகை. பலகையில் நிற்பவர் பந்தை எறிவார். எதிரணிக்காரர் அதைக் கோலால் அடித்துவிட்டு ஒவ்வொரு கல்லாக ஓடுவார். நான்காம் கல்லைத் தொட்டால் ஒரு புள்ளி. ஓடுபவர் கல்லை விட்டுச் சற்று விலகி நின்றால், எறிபவர் சட்டென்று திரும்பி, அந்தக் கல்லருகே நிற்கும் தன் ஆளிடம் பந்தை எறிந்து அவரை வெளியேற்றலாம். ஆனால் பலகையில் நின்றபடி எறிவதாகக் காட்டிவிட்டு எறியாமல் இருந்தால் அது பிழை. ஓடுபவர் அடுத்த கல்லுக்கு நடந்தே போகலாம்.

இந்தப் பிழையை விளக்கும் விதிக்குப் பன்னிரண்டு பிரிவுகள் இருந்தன. நாட்டில் பலரும் அவற்றை மனப்பாடம் செய்திருந்தார்கள். புரிந்துகொண்டவர்கள் குறைவு.

மாசி விழா ஆட்டத்தில் அரண்மனை அணியும் குயவர் தெரு அணியும் சமமாக நின்றன. மூன்றாம் கல்லில் ஒரு குயவர். பலகையில் அரசர். அவர் ஒரு கால் பலகையிலேயே இருக்க, மற்றக் காலை மூன்றாம் கல்லை நோக்கி எடுத்து வைத்தார், கையை ஓங்கினார், பந்தை விடவில்லை. நடுவர் கொழுந்தப்பன் சிவப்புத் துணியை உயர்த்தினார். குயவர் நான்காம் கல்லுக்கு நிதானமாக நடந்து போனார். அரண்மனை அணி தோற்றது.

மறுநாள் காலை கொழுந்தப்பனைச் சபையில் நிறுத்தினார்கள், இரு பக்கமும் காவலர்களுடன். அவரை நடுவராக்கச் சொன்னவர் விகடகவி அம்பலத்தாடி. அது கண்டராயர் என்ற பிரதானிக்கு நன்றாக நினைவிருந்தது.

"பிரபு, பந்து தங்கள் கையை விட்டே போகவில்லை," என்றார் கண்டராயர். "எறியாத பந்துக்குத் தண்டனையா? அரசரைப் பத்தாயிரம் பேர் முன்னால் பிழை செய்தவர் என்று காட்டியிருக்கிறான். இவனை நாடு கடத்த வேண்டும்."

அரசர் அம்பலத்தாடியைப் பார்த்தார். "என்ன ஓய், உம்முடைய ஆள்தானே? விதியை மூன்று முறை வாசித்துக் காட்டினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உச்சிச் சங்கு ஒலிப்பதற்குள் நீர் விளங்க வைக்க வேண்டும்."

"ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல்," என்று சேர்த்தார் கண்டராயர். "பந்து, கல், பலகை என்று மறுபடி ஆரம்பித்தால் பிரபுவுக்குத் தலைவலி வரும்."

"அதுவும் சரிதான். அந்தச் சொற்கள் காதில் விழக்கூடாது. விளங்காவிட்டால் நீரும் அவரோடு எல்லையைத் தாண்ட வேண்டியதுதான்."

"உத்தரவு மகாராஜா. ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைக்குச் சங்கை நான் ஊதலாமா?"

"ஊதும். போகிற நேரத்தில் அந்த ஆசையாவது தீரட்டும்."

அம்பலத்தாடி சங்கூதியிடமிருந்து சங்கை வாங்கிக்கொண்டு வாசலருகே உட்கார்ந்தார். பேசவே இல்லை. கொழுந்தப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் காட்ட நீரில் மிதக்கவிட்டிருந்த நாழிகை வட்டில் மெல்ல அமிழ்ந்தது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். சங்கு ஒலிக்கும்போது அரசர் உட்கார்ந்திருக்கக் கூடாது. அதனால் சங்கு உதட்டுக்குப் போனதுமே எழுந்துவிடுவார். ஒலித்த பிறகே உணவறைக்குப் போகலாம்.

வட்டில் மூழ்கியது. அம்பலத்தாடி சங்கை உதட்டில் வைத்துக் கன்னத்தை உப்பினார். அரசர் எழுந்தார். அவரோடு சபை முழுவதும் எழுந்தது. அம்பலத்தாடி சங்கை இறக்கினார்.

அரசர் உட்கார்ந்தார். சங்கு உயர்ந்தது. அரசர் எழுந்தார். சங்கு இறங்கியது.

"கெடு முடிந்துவிட்டது பிரபு!" என்று கத்தினார் கண்டராயர்.

"சங்கு ஒலிக்கவில்லையே, பிரதானியாரே," என்றார் அம்பலத்தாடி.

உணவறையிலிருந்து நெய் மணம் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் முறை சங்கு உதட்டுக்குப் போய் இறங்கியபோது அரசர் எழுந்த நிலையிலேயே கர்ஜித்தார்.

"என்ன விளையாட்டு இது? ஊதுவதாக இருந்தால் ஊதும்! இல்லையென்றால் கீழே வையும்! உதட்டில் வைத்துக்கொண்டு எங்களை எழுப்பி எழுப்பி உட்கார வைக்காதீர்!"

அம்பலத்தாடி சங்கைத் தரையில் வைத்தார். அரசர் உட்கார்ந்தார், சபையும் உட்கார்ந்தது. பிறகு வெறும் கன்னத்தை உப்பினார். யாரும் எழவில்லை.

"கீழே வைத்த பிறகு நான் எத்தனை முறை உப்பினாலும் ஏமாறுவார் இல்லை, மகாராஜா. கையில் இருக்கும்போதுதான் குற்றம். பன்னிரண்டு பிரிவுகளையும் இப்போது தாங்களே சொல்லி முடித்தீர்கள்."

அரசர் தரையிலிருந்த சங்கைப் பார்த்தார். நேற்றைய மூன்றாம் கல் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

"அப்படியானால் அந்தக் குயவரும் இப்படித்தான் எழுந்து எழுந்து உட்கார்ந்தாரா?"

"அவருக்கு நெய் மணம்கூடக் கிடையாது, மகாராஜா."

அரசரின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, அம்பலத்தாடியை அருகே அழைத்து நீட்டினார். அவர் தலை குனிந்ததும் வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சபை சிரித்தது.

"தப்புங்க மகாராஜா."

காவலர்களுக்கு நடுவே கொழுந்தப்பன் கையை உயர்த்தியிருந்தார். சிரிப்பு நின்றது.

"மறுபடியும் நானா?" என்றார் அரசர்.

"நீங்கதாங்க. நீட்டினீங்க, குடுக்கல."

"என்மீது இரண்டாம் முறை பிழை சொல்கிறீர். பயமில்லையா?"

"பயமாத்தாங்க இருக்கு. ஆனா தப்பு தப்புதானுங்களே. ஏமாந்தவரு ஒரு எடம் முன்னால போகலாம்."

அம்பலத்தாடிக்குச் சபையில் எட்டாவது ஆசனம். ஏழாவதில் இருந்தவர் கண்டராயர்.

அரசர் அதைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாலையை இம்முறை முழுதாகவே அம்பலத்தாடியின் கழுத்தில் போட்டார். காவலர்களை விலகச் சொன்னார். அடுத்த ஆட்டத்துக்கும் கொழுந்தப்பனே நடுவர் என்றார்.

"பிரதானியாரே, இடம் விடும்."

கண்டராயர் பாதி எழுந்தார். பிறகு மனம் மாறி மறுபடி உட்காரப் போனார். கொழுந்தப்பனின் கை மெல்ல உயர்வதைக் கண்டதும் முழுதாக எழுந்துவிட்டார்.