மூன்று வெள்ளை வண்டியும் ஒரு பஞ்சு மெத்தையும்

முதலில், ஓட்டுநர்கள் படுத்தெழும் கொட்டகையின் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். யாரும் கேட்கவில்லை. அடுத்து, மலையேறும் வண்டிகளிலிருந்து ஸ்டெப்னி டயரை எடுத்தார்கள். அதையும் யாரும் கேட்கவில்லை. மூன்றாவதாக, எலி கூடு கட்டுகிறது என்று சொல்லி, பானெட்டின் உட்புறம் எஞ்சினுக்கு மேலே பொருத்தியிருக்கும் பஞ்சு மெத்தைகளை எல்லா வண்டிகளிலிருந்தும் உரித்தெறிந்தார்கள். இதை ஒருவன் கேட்டான். நான்காவதாக, கேட்டவனிடமிருந்து வண்டிச் சாவியைப் பிடுங்கினார்கள், அதில் தொங்கிய பேர் அட்டையோடு.

இந்த வரிசையை மாற்றிச் சொல்லக் கூடாது. ஒன்றைக் கேட்காமல் விட்டதால்தான் அடுத்தது வந்தது.

பிடுங்கியவர் போடியில் வாடகை வண்டிகள் வைத்திருந்த தெய்வேந்திரன். கேட்டவன் சிலமலை ஊரிலிருந்து வந்து அவரிடம் ஓட்டுநராக இருந்த சுருளிவேல்.

"எரைச்சல் மண்டையப் பொளக்குது மொதலாளி. பின்னாடி இருக்கவுக பேசுறது கேக்கல."

"எஞ்சினுக்கு மெத்தை கேக்குறான். நாளைக்குத் தலகாணி கேப்பான்" என்றார் முதலாளி. கொட்டகையே சிரித்தது. சிரித்தவர்கள் வேறு யாருமில்லை, அவனோடு ஒரே வாளித் தண்ணீரில் வண்டி கழுவியவர்கள்தான்.

ஓட்டுநர் சங்கத் தலைவர் அங்குச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடத் துண்டறிக்கையில் படித்தது அதிகம். மறுநாளே சுவரெங்கும் நோட்டீஸ் ஒட்டினார்: 'மெத்தையை உரித்தவன் தொழிலாளியின் காதை உரிக்கிறான்!' கீழே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

தெய்வேந்திரன் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார்.

"தலைவரே, அந்தப் பஞ்சு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். ஒரே வயசு வண்டி மூணு தாரேன். ஒண்ணுல மட்டும் மெத்தைய மாட்டுவோம். ஒங்க ஆளு ஓட்டிப் பாத்துட்டு எதுலன்னு சொல்லட்டும். சொல்லிட்டா சாவி அவனுக்கு. சொல்லாட்டி, இந்த ஊர்ல அவன் வண்டியே ஓட்டக் கூடாது. பானெட்டத் தொறக்கக் கூடாது, குனிஞ்சு பாக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

மெக்கானிக் காஜாமைதீனை இரு தரப்பும் நடுவராக ஏற்றன. அவர் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வண்டியில் மெத்தையை மாட்டினார். சுருளிவேலின் சாவியும் அவர் கைக்குப் போனது.

அன்று காலையிலிருந்தே மலைமேல் மேகம் கவிந்திருந்தது. வெயில் தலைகாட்டவில்லை. மூன்று வெள்ளை வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் மலையடிவாரத்து முந்தல் தாண்டி மலையில் ஏற்றித் திரும்ப வேண்டும்.

அங்குச்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், மறுபடி உதறினார். வாங்கிய டீ ஆடை படிந்து கிடந்தது. முதல் வண்டி திரும்பியது. சுருளிவேல் இறங்கி, மலையிறங்கிய எந்த ஓட்டுநரும் செய்வதுபோல் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வெடுக்கென்று தொட்டு, வெடுக்கென்று எடுத்தான். இரண்டாவது வண்டியிலும் அப்படியே.

பிறகு அங்குச்சாமியின் அருகே வந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியலண்ணே."

அங்குச்சாமி நிமிர்ந்து பார்த்தார். எதிர்ச் சுவரில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு இருக்குல்ல. போய் ஓட்டு" என்றார்.

மூன்றாவது வண்டியும் வந்தது. சுருளிவேல் தொங்கிய தலையோடு இறங்கினான். பானெட்டைத் தொட்டான், கண்ணில் ஒற்றினான். பிறகு, என்ன நினைத்தானோ, மறுபடியும் கையை வைத்தான். உள்ளங்கை முழுவதும் பதிய, எடுக்காமல் வைத்திருந்தான்.

"என்னய்யா, சாமி வரம் குடுக்குதா?" என்று கூட்டத்தில் ஒருவர் கிண்டலடித்தார்.

"இதுதான் பாய்" என்றான் சுருளிவேல்.

காஜாமைதீன் பானெட்டைத் தூக்கினார். மெத்தை இருந்தது.

கூட்டம் போட்ட கூச்சல் அடங்குவதற்குள் தெய்வேந்திரன் மூன்று பானெட்டுகளையும் தொட்டுப் பார்த்துவிட்டார். முதல் இரண்டில் கை சுட்டது. மூன்றாவதில் மெத்தை எஞ்சின் சூட்டைத் தடுத்திருந்ததால் வெதுவெதுப்புத்தான்.

"கையால கண்டுபிடிச்சிருக்கான்! சத்தத்துக்குத்தான பந்தயம்? செல்லாது!"

ஓட்டுநர்கள் அங்குச்சாமியைச் சூழ்ந்துகொண்டார்கள். "காதாலதான்னு அடிச்சுச் சொல்லுங்கண்ணே. ஊரெல்லாம் ஒங்க பேர்லதான நோட்டீஸ் ஒட்டிக் கெடக்கு?"

சுருளிவேல் யாரையும் பார்க்காமல் சொன்னான்: "ஆமா, கையாலதான். எதுலன்னு கேட்டாக, சொல்லிட்டேன்."

பந்தயம் செல்லாது என்கிறார் முதலாளி. காதால்தான் என்று சாதிக்கச் சொல்கிறார்கள் தோழர்கள். கேட்டதைச் சொல்லிவிட்டேன் என்கிறான் சுருளிவேல். உண்மையைச் சொன்னால் நோட்டீஸ் பொய்யாகும், மறைத்தால் தலைவர் பொய்யராவார். படிப்பவர்களே, இவர்களில் யார் பேச்சு நியாயம்? காஜாமைதீன் கையிலிருக்கும் சாவி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: சாவி சுருளிவேலுக்கே. அங்குச்சாமி நடுவில் வந்து நின்று, "என் நோட்டீஸ் தப்பு. காது தோத்துருச்சு" என்றார். தோழர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர் முதலாளி பக்கம் திரும்பினார். "ஆனா மொதலாளி, பந்தயம் பேசையில சத்தம்னு ஒரு வார்த்தை ஒங்க வாயிலருந்து வந்துச்சா? எதுலன்னு சொல்லணும்னீக, சொல்லிட்டான். தொறக்கக் கூடாதுன்னீக, தொறக்கல. தொடக் கூடாதுன்னு சொல்லல. இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்னீகளே, அந்த மூணையும் தொட்டுக்கிட்டு இப்பச் சொல்லுங்க." தெய்வேந்திரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். காஜாமைதீன் சாவியை உயர்த்தி, அதில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பிடித்து, நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "சிலமலை சுருளிவேல்."