யாரையும் அண்ட விடாத சங்கு

செவத்தையாவுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கழுத்துப்பட்டையைத் தரையில் விட்டெறிந்தார்.

"இது நியாயமா டீச்சரம்மா?"

ரெபெக்காள் நிமிரவில்லை. நாய்கள் தின்ற தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். உடம்புக்கு முடியாதவர்களுக்குத் துணையாக நாய் பழக்கித் தருவது அவள் தொழில். அதைக் கற்றுக்கொள்ள வந்தவர் செவத்தையா. வயதில் அவர்தான் மூத்தவர். ஆனாலும் வந்த நாளிலிருந்து அவருக்கு அவள் டீச்சரம்மா, அவளுக்கு அவர் அண்ணன்.

சண்டை இதுதான். தையல்கடை பூங்கோதைக்கு வலிப்பு வரும். கடையில் தனியாக இருக்கும்போது விழுந்துவிடுகிறாள். துணைக்கு ஒரு நாய் அமையாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு வீட்டோடு கிட என்று சொல்லிவிட்டார் அவள் அப்பா. அவளுக்காகவே செவத்தையா தன் வீட்டில் வளர்ந்த நாய் சங்கைக் கொண்டுவந்திருந்தார். அசல் ராஜபாளையம். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. ரெபெக்காளோ அதைத் தட்டிக்கொடுக்கப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டு, மூலையில் கிடந்த லேப்ரடாரைக் காட்டிவிட்டாள்.

"நம்ம மண்ணுல பொறந்தது இளக்காரமாப் போச்சா? சீமை நாய்னாதான் இனிக்குதா?"

"இளக்காரம்னு யாருண்ணே சொன்னா?"

"பின்ன சங்கு கிட்ட என்ன குறை கண்டீங்க?"

"ஒரு குறையும் இல்லை."

செவத்தையாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. குறை என்று ஒன்றைச் சொன்னாலாவது மல்லுக்கு நிற்கலாம்.

"அந்தத் தடியனைப் பாருங்க! பால்காரனுக்கும் வாலாட்டுது, கேஸ்காரனுக்கும் வாலாட்டுது. நேத்து மீட்டர் பார்க்க வந்தவன் மடியில தலை வச்சுத் தூங்குது. மானம் ரோசம் இருக்கா அதுக்கு? எங்க சங்கு அடுத்தவன் கையால ஒரு வாய் திங்காது!"

வாசலில் காத்திருந்த பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க பெரியத்தையும் அப்படித்தாண்ணே. கல்யாண வீட்டுக்கே கட்டுச்சோறு கொண்டு போகும்."

"நீ சும்மா இரு தாயி! உனக்காகத்தான் இந்தக் கத்து கத்துறேன்."

ரெபெக்காள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"சரிண்ணே. விழுங்க."

"என்னது?"

"உங்களுக்கு இப்ப வலிப்பு. நான் ஓடிவந்து உங்களை ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன். அதுவரைக்கும் பேசக் கூடாது. எந்திரிக்கக் கூடாது. சங்கை அதட்டக் கூடாது."

"ப்பூ, இவ்வளவுதானா!"

முற்றத்துச் சிமெண்ட் தரையில் தடாலென்று விழுந்தார். கையையும் காலையும் வெட்டி வெட்டி இழுத்தார்.

சங்கு பாய்ந்து வந்தது. முகத்தை மோந்தது. அவருக்கு இரு பக்கமும் காலை ஊன்றி, அவர்மேல் கூரைபோல நின்றுகொண்டது.

ரெபெக்காள் ஓடிவந்தாள். உறுமியது. குனிந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பல்லைக் காட்டியது. மறுபக்கமாகப் பூங்கோதை வந்து பார்த்தாள். அவள் பக்கமும் திரும்பிச் சீறியது. பிஸ்கட்டைப் போட்டார்கள், அது கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

என் ராசா! செவத்தையாவுக்குக் கிடந்த இடத்திலேயே நெஞ்சு விம்மியது.

காலடிச் சத்தம் தள்ளிப் போனது. அப்புறம் ஒன்றையும் காணோம். தரை கன்னத்தைச் சுட்டது. வெயில் இமைக்குள் இறங்கியது. வியர்வை காதுக்குள் ஓடியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. துள்ளி எழுந்தார்.

"பார்த்தீங்களா டீச்சரம்மா!" சங்கைக் கட்டிக்கொண்டார். "ஒரு ஈ காக்காயை அண்ட விட்டானா என் சிங்கம்?"

"விடலை."

"அப்புறம் என்ன, ரெண்டு பேரும் தொட்டியோரம் இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"நீங்க ஏண்ணே எந்திரிச்சீங்க?"

"தரை கொதிக்குதும்மா! மூஞ்சி வெந்துபோச்சு. எம்புட்டு நேரம் கிடக்கிறது?"

பூங்கோதை இப்போது சிரிக்கவில்லை. லேப்ரடார் அவள் காலடியில் வந்து சாய்ந்திருந்தது.

ரெபெக்காள் தரையில் கிடந்த கழுத்துப்பட்டையை எடுத்து, தூசி தட்டி, அவர் கையில் கொடுத்தாள்.

"உங்களால எந்திரிக்க முடிஞ்சுதுண்ணே."