தராசில் ஏறிய பட்டமும் முத்திரையும்

மருதங்குளத்துக் கரையில் கருப்பண்ணன் என்ற கரடி தேன் கடை வைத்திருந்தது. கரடி தேன் விற்றால் என்ன ஆகும்? ருசி பார்க்கிறேன் என்று பானைக்குள் கையை விட்டால், பானை காலியான பிறகுதான் கை வெளியே வரும்! வியாபாரம் எப்படி உருப்படும்?

"இது சரிப்பட்டு வராது. தேனைச் சோதிக்க ஒரு ஆள், கொள்முதலையும் விற்பனையையும் கவனிக்க ஒரு ஆள் வைக்கணும்," என்று கரடி முடிவு செய்தது.

மறுநாளே இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

மேகலை என்ற நாரை ஆலமரத்துக் கல்லூரியில் வருஷக்கணக்காக வணிகம் படித்துப் பட்டம் வாங்கியது. மரப்பட்டையில் எழுதிய அந்தப் பட்டத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் மீன் பிடிக்கவே போகும். தங்கப்பன் என்ற புனுகுப்பூனையோ கல்லூரிப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. தேனீக்கள் சங்கத்தில் தேன் சோதனை மட்டும் கற்று, தேர்வு எழுதி, சான்றிதழாக ஒரு மெழுகு முத்திரை வாங்கியிருந்தது. பூக்காலம்தோறும் மறுபடி தேர்வு எழுதினால்தான் அது செல்லும்.

"ஒரே ஒரு விஷயத்தைப் படிச்சதெல்லாம் ஒரு படிப்பா?" என்று அலகை உயர்த்தியது நாரை.

"எல்லாத்தையும் நுனிப்புல் மேஞ்சா மட்டும் படிப்பா? உங்க பட்டம் எந்தக் காலத்துலயோ வாங்கினது. என் முத்திரை இந்த வருஷத்து முத்திரை!" என்று மீசையைச் சிலிர்த்தது பூனை.

கரடிக்குத் தலை சுற்றியது. பட்டம் பெரிசா, சான்றிதழ் பெரிசா? வியாபாரிக்குச் சந்தேகம் வந்தால் கை எங்கே போகும்? தராசுக்குத்தான் போனது! ஒரு தட்டில் பட்டத்தை வைத்தது. மறுதட்டில் முத்திரையை வைத்தது. பட்டத்தின் தட்டு தொப்பென்று கீழே இறங்கியது.

"ஆகா! தராசு பொய் சொல்லாது!" என்று கரடி குதித்தது. "மேகலையம்மா, கடை வாசல்ல உசந்த பீடம் உங்களுக்குத்தான். தேனை நீங்களே சோதிச்சு அனுப்புங்க. தங்கப்பா, நீ பின்கட்டுல இருந்து கொள்முதலைப் பாத்துக்க!"

"முதலாளி, எனக்குத் தெரிஞ்சதே சோதனை ஒண்ணுதான்! கொள்முதல்னா என்னன்னே..."

"சின்ன முத்திரைக்குச் சின்ன வேலை! பானைப் பக்கம் மூக்கை நீட்டாதே. அது பெரிய படிப்புக்காரங்க வேலை!"

 தேனைப் பற்றி நாரை படித்தது ஒரே ஒரு பாடம். ஆனால் பீடம் உயரமாக, பளபளவென்று இருந்தது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? வாயை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டது.

மழைக்காலம் நெருங்கியது. ஒருநாள் கரடி பின்கட்டுக் கதவைத் திறந்தது. அதற்குத் தூக்கிவாரிப் போட்டது. தரையே தெரியவில்லை. கூரை வரைக்கும் பானைகள்!

"அடப்பாவி! என்னடா இது?"

"கொண்டு வந்தவங்களை எப்படி முதலாளி திருப்பி அனுப்புறது? வந்ததையெல்லாம் வாங்கிட்டேன்," என்றது பூனை பாவமாக.

"மழையில குகையை விட்டே எவனும் வெளிய வரமாட்டானே! அத்தனையும் புளிச்சுப் போகுமேடா!"

கரடி தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கியது. அதற்குள் ஒரு காகம் அலறிக்கொண்டு வந்தது.

"கருப்பண்ணா! உன் கடைத் தேனை நக்கின சிங்கக்குட்டி நுரை தள்ளிக் கிடக்குது! மூணு பேரும் அந்தப் பானையோட வரணுமாம், ராஜா உத்தரவு!"

கரடி பானையைத் தூக்கிக்கொண்டு, இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடியது.

சிங்கத்தின் குகையில் குட்டி துவண்டு கிடந்தது. "என் குட்டி கண்ணைத் திறக்கலைன்னா, உன் கண்ணு மூடிடும்!" என்று சிங்கம் கரடியைப் பார்த்துக் கர்ஜித்தது.

"நிறம் பார்த்தேன்... நூல் மாதிரி ஒழுகுச்சு... பாடத்துல அவ்வளவுதான் இருந்துச்சு..." என்று இழுத்தது நாரை.

பூனை யாரையும் கேட்கவில்லை. பானைக்குள் மூக்கை விட்டது. "ஐயோ! அரளித் தேன்! உவர்மண்ணைத் தண்ணியில கரைச்சுப் புகட்டுங்க, வாந்தி வரட்டும், சீக்கிரம்!"

புகட்டினார்கள். குட்டி குபுக்கென்று வாந்தி எடுத்தது. பிறகு மெல்லக் கண்ணைத் திறந்தது.

உயிர் திரும்பியதும் கரடிக்கு வாயும் திரும்பியது. "ராஜா, எல்லாம் இவங்களாலதான்! இவ்வளவு பெரிய பட்டம் இருந்தும் இவங்க விஷத்தை விட்டுட்டாங்க. முத்திரை வாங்கின இவன் கடையையே பானைக்காடு ஆக்கிட்டான்!"

சிங்கம் நாரையைப் பார்த்தது. "நீ என்ன படிச்சே?"

"எப்ப வாங்கணும், எவ்வளவு வாங்கணும், எங்கே விக்கணும்னு படிச்சேன், ராஜா."

"நீ?"

"தேன் சோதனை, ராஜா," என்றது பூனை.

சிங்கமே அதிர்ந்துபோனது. "அப்போ இவங்களை இடம் மாத்தி உட்கார வெச்சது யாரு?"

"த... தராசு, ராஜா," என்றது கரடி.



"என்ன வேலை தெரியும்னு அவங்களை ஒரு வார்த்தை கேட்டியா?"

  "கேட்கவே இல்லை, ராஜா," என்று கரடி ஒப்புக்கொண்டது.

உயிரோடு திரும்பியதும் கரடி முதல் வேலையாக இருவரையும் இடம் மாற்றியது. பூனை பானை பானையாக முகர்ந்து, அரளித் தேனையெல்லாம் குழியில் கொட்டியது. மிச்சத்தை நாரை, மழைக்கு முன் தூரதேசம் கிளம்பிய பறவைகளுக்கு வழிச்சாப்பாடாக விற்றுத் தீர்த்தது. கடை தப்பியது. ஆனால் சிங்கத்தின் குகையில் மட்டும் கருப்பண்ணன் தேன் அப்புறம் நுழையவே இல்லை.

அடுத்த வருஷம் ஒரு குரங்கு பட்டமும் முத்திரைகளுமாகக் குலுங்கக் குலுங்க வேலை கேட்டு வந்தது. கரடியின் கை பழக்கதோஷத்தில் தராசுக்குப் போனது. நெருப்பைத் தொட்டதுபோல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"தம்பி, முதல்ல இதைச் சொல்லு. உனக்கு என்ன வேலை தெரியும்?"

பட்டமா சான்றிதழா என்று எடைபோடுவதற்கு முன், செய்யப்போகும் வேலைக்கு எது வேண்டும் என்று கேட்காதவர், இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே நஷ்டப்படுவார்.