வெறும் வண்டி திரும்பக் கூடாது

முன்னொரு காலத்தில் பவழமேடு என்கிற நாட்டை மகுடேந்திரன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். ஆள் நல்லவன்தான். ஆனால் அவனுக்கு மூக்கும் காதும் ரொம்பச் செல்லம். மூக்குக்கு நாற்றம் ஆகாது, காதுக்குக் குறை ஆகாது. "நன்றி சொல்ல வருகிறவனை உள்ளே விடு, குறை சொல்ல வருகிறவனை அப்படியே திருப்பி அனுப்பு" என்று கோட்டை வாசலில் உத்தரவே போட்டிருந்தான்.

தலைநகரைச் சுத்தமாக வைக்கிற பொறுப்பு சுகந்தராயரிடம். உடம்பெல்லாம் சந்தனம், காது மடலில் ஜவ்வாதுப் பஞ்சு. தெருவெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அள்ளின குப்பை எங்கே போகிறது என்று ராஜா ஒரு நாளும் கேட்டதில்லை.

அது தாழையூருக்குப் போனது. எச்சில் இலை, உடைந்த சட்டி, அழுகின தோல், சாயப்பட்டறைக் கசடு என்று விடியும்போதே வண்டி வண்டியாக வந்து வயலில் கொட்டும். வெறும் வண்டியாகத் திரும்பும். மண் கறுத்து இறுகிப் போனது. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மாதிரி பளபளவென்று படலம் மிதந்தது. அந்த ஊர்ப் பேச்சாயியின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் சிரங்கு. ராத்திரி பகல் பாராமல் சொறிந்து அழும்.

இது போதாதென்று ஒரு நாள் தமுக்கு அடித்தார்கள். "மகாராஜாவின் கருணையால் உங்கள் வயலுக்கு எரு வந்தது, ஊர் செழித்தது! பௌர்ணமி முதல் உங்கள் ஏரிக்கும் வரப்போகிறது!"

ஏரியும் போனால் ஊரே காலி. ஆண்கள் கோட்டைக்கு ஓடினார்கள். குறை என்று வாயைத் திறந்ததுமே காவலர்கள் ஈட்டியை நீட்டிவிட்டார்கள்.

அன்றைக்குப் பேச்சாயி, பக்கத்து வீட்டுக்காரி குழம்பு கொடுத்தனுப்பின கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பதா என்று ரெண்டு கொத்து முருங்கைக் கீரையைப் பறித்து உள்ளே போட்டாள். போட்ட கை அப்படியே நின்றது.

"ஏங்க, நான் கோட்டைக்குப் போறேன்" என்றாள் புருஷனிடம்.

"நீயா? பேருதான் பேச்சாயி. நாலு பேரு எதிரே வந்தா முந்தானையை இழுத்துக்கிட்டு ஒதுங்குறவ!"

"குறை சொல்லத்தானே கூடாது. நான் நன்றி சொல்லப் போறேன்."

நன்றி என்றதும் கோட்டை வாசல் தானாகத் திறந்தது. இடுப்பில் குழந்தையோடு சபை நடுவில் போய் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மகாராஜா, பொறந்த வீட்டுச் சீர்கூட வருஷத்துக்கு ஒருக்காத்தான் வரும். நீங்க தினமும் வண்டி வண்டியா அனுப்புறீங்க."

ராஜாவுக்கு முகம் மலர்ந்தது. "கேட்டீரா சுகந்தராயரே!"

"எல்லாம் தங்கள் பெருமை மகாராஜா" என்றார் அவர். மீசை மட்டும் லேசாக ஆடியது.

"ஒரே ஒரு மனக்குறை... இல்லை இல்லை, ஆசை. ஒருத்தர் வீட்டுப் பாத்திரத்தை நாங்க வெறுமையாத் திருப்பித் தர மாட்டோம். உங்க வண்டி மட்டும் வெறுமையாத் திரும்புது. எங்களுக்குக் கேவலமா இருக்கு. நாங்களும் பதில் சீர் வைக்கணும்."

"வேண்டாம் மகாராஜா, பாவம் ஏழைகள்" என்று அவசரமாகக் குறுக்கே வந்தார் சுகந்தராயர்.

"ஏழையா? எங்க ஊரு செழிச்சுப் போச்சுன்னு ஐயாதானே தமுக்கு அடிக்கச் சொன்னீங்க?"

சபை சிரித்தது. "நாளைக்கே கொண்டு வா! நானே முற்றத்தில் நின்று வாங்கிக்கொள்கிறேன். ஒருவரும் தடுக்கக் கூடாது" என்றான் ராஜா.

மறுநாள் மேளதாளத்தோடு வண்டிகள் வந்தன. மேலே புதுத்துணி போர்த்தியிருந்தது. முன்னால் பேச்சாயி, கையில் ஒரு பித்தளைச் செம்பு.

"எங்க கிணத்துத் தண்ணியில கரைச்ச பானகம், மகாராஜா."

ராஜா ஆசையோடு கை நீட்டினான். அவள் செம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மன்னிக்கணும். சீர் கொண்டுவந்து எறக்கினவருதான் மொதல்ல கை நனைக்கணும். எங்க வழக்கம்." செம்பைச் சுகந்தராயரிடம் நீட்டினாள்.

"எனக்கு... இன்றைக்கு விரதம்."

"காலையில் என்னோடு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டீரே!" என்றான் ராஜா. "குடியும்."

சுகந்தராயர் செம்பை உதட்டுக்குக் கொண்டுபோனார். சட்டென்று முகத்தைத் திருப்பிச் செம்பைத் தள்ளினார், பானகம் பட்டுச் சட்டையில் கொட்டியது. "முடியாது மகாராஜா! சாயக் கசடு இறங்கின கிணறு அது. மாடுகூடக் குடிக்காது!"

"மாடு குடிக்காத தண்ணீரையா இந்தக் குழந்தை குடிக்கிறது?" என்றான் ராஜா.

குழந்தையின் சிரங்கைப் பார்த்தான். போய் வண்டித் துணியைத் தானே இழுத்தான். குப்பை நாற்றம் முகத்தில் அறைந்தது.

"நீங்க அனுப்பினதுதான் மகாராஜா" என்றாள் பேச்சாயி. "எங்க மண்ணுல வேற ஒண்ணும் வெளையலை. திருப்பி வைக்க இதுதான் இருக்கு."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்ல வந்தவங்களுக்கு ஈட்டியைத்தானே காட்டினாங்க?"

ராஜா தலை குனிந்தான். முதல் தடவையாக மூக்கைப் பொத்தாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு நிமிர்ந்து சொன்னான்: "ஏரிப்பக்கம் ஒரு வண்டிகூடப் போகக் கூடாது. அந்தந்தத் தெருக் குப்பை அந்தந்தத் தெரு எருக்குழியிலேயே மட்கட்டும். சாயப்பட்டறைக்காரர்கள் தங்கள் கசடைத் தங்கள் தொட்டியிலேயே வைத்துக்கொள்ளட்டும். இனிக் குறை சொல்ல வருகிறவருக்குத்தான் முதலில் கதவு திறக்கும். உனக்கு என்ன வேண்டும் தாயே?"

"கொட்டின வண்டியே வந்து அள்ளிக்கிட்டுப் போகட்டும். ஏரி வண்டலை வயலுக்கு அடிச்சுக் கொடுக்கட்டும். அதுவரைக்கும் எங்களுக்கு நல்ல தண்ணி வரட்டும்."

"அப்படியே ஆகட்டும். சுகந்தராயரே, வேலை முடிகிற வரைக்கும் உமக்குத் தாழையூரிலேயே குடித்தனம். அந்தக் கிணறு தெளிந்ததும் முதல் குவளை உமக்குத்தான்."

அதற்கப்புறம் சுகந்தராயரைப் போல வண்டல் சுமந்தவரும் கிணறு இறைத்தவரும் எவருமில்லை! பொழுது விடிந்தால் கிணற்றை எட்டிப் பார்த்து, "பேச்சாயி, தெளிஞ்சிடுச்சாம்மா?" என்பார்.

"இன்னும் இல்லை ஐயா, நல்லா இறைங்க" என்பாள் அவள், முகத்துக்கு நேராகவே.

மழைகள் வந்து போயின. கிணறு தெளிந்தது. குழந்தையின் உடம்பு வழவழவென்று ஆனது. வயலில் காய்த்த முதல் கத்தரிக்காயைக் கூடையோடு அரண்மனைக்கு எடுத்துப் போனாள் பேச்சாயி. சமைத்து இலையில் வைத்தார்கள். ராஜா கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கேள்விதான் கேட்டான்:

"சுகந்தராயர் சாப்பிட்டாச்சா?"

"ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு மகாராஜா."

ராஜா சிரித்துக்கொண்டே இலையில் கை வைத்தான். பேச்சாயி வீடு திரும்பும்போது கூடை வெறுமையாக இல்லை.