பிள்ளையின் போன்

அந்த விடுதிப் பெண்பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே ஒரு போன். பாடம் பார்ப்பதும் அதில்தான், அம்மாவிடம் அழுவதும் அதில்தான். பிள்ளைகள் போனை எப்படிப் புழங்குகிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்து எழுத வந்தார் பேராசிரியர் வேலப்பன் பிள்ளை. ஆனால் விருந்தினர் அறையை விட்டு மனிதர் நகரவே இல்லை. உதவியாளர் பவளக்கொடியை ஏவினார்.

"யார் பெயரும் போடாதே, பிள்ளைன்னு மட்டும் எழுது. போன் பைத்தியம்னு வரணும். அதைப் பூட்டி வைக்கச் சொல்லப் போறேன்."

"அப்படி ஒருத்தியும் இல்லையே சார்."

"அப்போ உனக்கு வேலையும் இல்லை."

 பவளக்கொடி தன் கண்ணால் பார்த்ததை எழுதிக் கொடுத்தாள். மறுநாள் வார்டன் அம்மா முன்னால் அவரே உரக்க வாசித்தார்.

"பிள்ளைக்குச் சோறு ஆறுவது தெரியவில்லை, கண் போனிலேயே. கூப்பிட்டால் 'ம்'தான் பதில். ரசத்தில் ஈ விழுந்தது, அதையும் குடித்தாயிற்று. கேட்டீங்களா? முதல்ல இந்தப் பிள்ளை கையில இருக்கிற போனைப் பூட்டுங்க."

"எந்தப் பிள்ளை இது?" என்றார் வார்டன் அம்மா.

"பெயரைச் சொல்லக் கூடாதாம் அம்மா," என்றாள் பவளக்கொடி.

"நானே கேக்கறேன், சொல்லு," என்று அதட்டினார் பேராசிரியர்.

"வேலப்பன் பிள்ளை."

வார்டன் அம்மா பீரோவைத் திறந்துவிட்டுக் கையை நீட்டினார். பேராசிரியர் ஒரு கையால் போனைக் கொடுத்தார். இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்.