உலைக்கு அடங்கிய முரசு

முன்னொரு காலத்தில், யார் எதைச் சொன்னாலும் ராஜாக்கள் தலையாட்டிக்கொண்டிருந்த காலத்தில், கொன்றையூர் அரண்மனைக்குக் கபாலகேது என்ற மந்திரவாதி ஒரு பேசும் முரசோடு வந்தான்.

"டம் டம் டம்! ஏன் என்று கேட்காதே! எடுத்ததை வை, அடுத்ததை எடு!"

சிப்பாய்கள் வில்லை வைத்தார்கள், வாளை எடுத்தார்கள். வாளை வைத்தார்கள், ஈட்டியை எடுத்தார்கள். பயிற்சி அமர்க்களம்! ராஜா பூரித்துப்போனார். "எல்லா இடத்திலும் இதையே வை!"

யானைக் கொட்டாரத்தில் வைத்தார்கள். பாதி குளித்த யானை சேறு வழிய ஊர்வலம் போனது. தறிக்கூடத்தில் வைத்தார்கள். ராஜாவுக்கு முழங்கால் வரைதான் வேட்டி வந்தது. "புது மோஸ்தர், மகாராஜா!" என்று கைதட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள், தலை வேண்டாமா?

கடைசியாக, இளவரசியின் கல்யாணத்தன்று காலை, முரசு மடைப்பள்ளிக்கு வந்தது. தலைமைச் சமையல்காரி அஞ்சுகம் அப்போதுதான் உலையில் அரிசி போட்டிருந்தாள்.

"டம் டம் டம்! எடுத்ததை வை!"

பயந்துபோன பெண்கள் அரிசியை அப்படியே வடித்துவிட்டார்கள்.

"சோறு என்ன சிப்பாயா, அதட்டினால் விறைத்து நிற்க?" அஞ்சுகம், முரசோடு வந்திருந்த கபாலகேதுவின் கையிலிருந்து முரசுக் கோலைப் பிடுங்கினாள். "பட்டாளத்துக்கு உன் தாளம். இங்கே உலைதான் தாளம். அது கொதித்தால் நீ முழங்கு!"

கபாலகேது சிரித்தான். "தாளத்தை மாற்றினால் கல்லாவாய்! உத்தரவு போட்டவனே 'ஏன்' என்று கேட்டால்தான் சாபம் தீரும். எந்த ராஜா கேட்பான்?"

அஞ்சுகம் மறுபடி உலை வைத்தாள். பாதம் கல்லானது.

"அக்கா, விட்டுடுங்க!" என்று அடுப்படிப் பெண் ஒருத்தி கெஞ்சினாள்.

"கால் போனா போகட்டும்டி. கைதானே கிண்டுது?"

முழங்கால் கல்லானது. இடுப்பும் கல்லானது. உலை கொதித்தது; அவள் முரசை அடித்தாள். சோறு வெந்தது, மறுபடி அடித்தாள். பதம் தப்பவில்லை. சத்தம் கேட்டு ராஜா ஓடிவந்தார்.

"இது முரசு வடித்த சோறு. இது நான் வடித்தது. தின்று பாருங்கள், மகாராஜா."

முதல் பிடியில் நறுக்! ராஜாவின் கடைவாய்ப்பல் ஆடியது. இரண்டாவது பிடி தொண்டையில் வெண்ணெயாக இறங்கியது. அவர் தன் குட்டை வேட்டியைக் குனிந்து பார்த்தார். அப்புறம் மந்திரவாதியைப் பார்த்தார்.

"ஏன்யா இதை எல்லா இடத்திலும் வைத்தோம்?"

சடசடவென்று கல் உதிர்ந்தது. மந்திரவாதி வாயைத் திறந்தான்; வந்தது 'டம்' மட்டும்தான்.

"என்ன வேண்டும், அஞ்சுகம்? பொன்னா, பூமியா?"

"என் அடுப்புக்கு எதைக் கொண்டுவந்தாலும் முதலில் என்னைக் கேளுங்கள். அது போதும். இப்போது நகருங்கள், பந்திக்கு நேரமாச்சு."

அன்று ஊரே வயிறு நிறைய உண்டது. முரசு இன்றும் அந்த மடைப்பள்ளியில்தான் இருக்கிறது, உலை கொதிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு.