ஆடு தின்ற பரீட்சைத்தாள்

எங்க மலைப்பதி பால்வாடிக்கு இருள பாஷையும் தமிழும் தெரிஞ்ச ஆயா வேணும்னு சொன்னாங்க. கைப்பிள்ளையோடு எங்க பதி நஞ்சி அந்த வேலைக்கு ஓடினாள். பரீட்சை வைக்க வந்தவர் சிகாமணி, பேச்சொலி ஆராய்ச்சி பண்ணுகிற பேராசிரியர்.

"உங்க பாஷை உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும்மா. இருளத்திலேயே பேசணும். ஒரு தமிழ் வார்த்தை வந்தாலும் வேலை கிடையாது" என்று பரீட்சைத்தாளைப் பின்னாலிருந்த பெஞ்சில் வைத்து, ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

நஞ்சி அவர் முதுகுப் பக்கம் பார்த்தாள். பதறிப்போய் ஏதோ சொன்னாள்.

"உச்சரிப்பு சரியில்லை. இன்னொரு தடவை!"

சத்தமாகச் சொன்னாள். ஜன்னலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"நாக்கு மடியலை. மறுபடி!"

பிள்ளை வீறிட, அதற்கு மேலே கத்திச் சொன்னாள்.

"போதும். இனி தமிழில் பேசு."

"சார், உங்க பரீட்சைத்தாளை ஆடு தின்னுதுன்னு மூணு தடவை சொன்னேனே!"

திரும்பினார். பாதித் தாளைக் காணோம்.

"தமிழில் சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"சொன்னா வேலை கிடையாதுன்னீங்களே, சார்."

சிரிப்புக் கேட்டு உள்ளே வந்த பால்வாடி அதிகாரியம்மா விஷயத்தைக் கேட்டார். "பாஷை யாருக்குத் தெரியும்னு தெரிஞ்சுபோச்சு. வேலை நஞ்சிக்குத்தான். கையெழுத்துப் போடுங்க, சார்."

தாளில் ஆடு விட்டுவைத்த மூலையில் பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.